ஆசிய மொழிகளும் அயல்நாட்டு ஆய்வும் – நம் மாணவிகளுக்கு ஒரு வழிகாட்டி

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நெருங்கும் காலத்தில், "அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்டால், நம் பள்ளியில் பெரும்பாலும் நான்கு விடைகளே கிடைக்கும்: நர்சிங், இன்ஜினியரிங், பி.காம்., டீச்சர் டிரெயினிங். எல்லாம் நல்ல படிப்புகளே. அவற்றைக் குறை சொல்ல நாம் இங்கே வரவில்லை. ஆயினும், "நான் ஒரு மொழியைப் படிக்கப் போகிறேன், அதில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன்" என்று சொல்லும் மாணவி ஆண்டுக்கு ஒருத்தி கூட இல்லையே என்பது நம் மனத்தை உறுத்துகிறது. மொழி படித்தால் என்ன கிடைக்கும், யார் கற்பிக்கிறார்கள், செலவுக்கு எங்கே போவது என்பவற்றை அறியாமையே இதற்குக் காரணம். அவ்வறியாமையைச் சிறிதேனும் போக்கும் நோக்குடன் இக்கட்டுரையை எழுதுகிறோம். மாணவிகள் படிப்பதோடு நில்லாமல், மாலையில் விளக்கடியில் அமர்ந்து தாய் தந்தையருக்கும் வாசித்துக் காட்டும்படி வேண்டுகிறோம்.

மொழியாராய்ச்சி என்றால் என்ன?

மொழி படிப்பது என்றால் கதை, கவிதைகளை மனப்பாடம் செய்வது என்று சிலர் நினைக்கிறார்கள். அது மட்டுமன்று. ஓலைச்சுவடியைப் படித்துப் பதிப்பிப்பது மொழிப்பணி. கோயில் சுவரிலுள்ள கல்வெட்டைப் படித்து, அக்காலத்தில் நிலவரி எவ்வளவு, ஊர்ச்சபை எப்படி நடந்தது என்று கண்டுபிடிப்பதும் மொழிப்பணியே. அகராதி தொகுப்பது, மொழிபெயர்ப்பது, இரு நாட்டு வணிகரிடையே துபாஷியாக நிற்பது, வட்டாரப் பேச்சைப் பதிவு செய்வது, கணிப்பொறிக்குத் தமிழ் கற்பிப்பது ஆகிய எல்லாம் இதனுள் அடங்கும்.

உலகின் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆசிய மொழிகளுக்கென்றே தனித் துறைகள் உள்ளன. பாரிசு நகரில் கீழ்நாட்டு மொழிகளைக் கற்பிக்க 1795-ல் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. இன்று 'இனால்கோ' என்ற பெயரில் அது ஒரு பெரிய கல்வி நிறுவனமாக விளங்குகிறது. அங்கே நூறு மொழிகளுக்குமேல் கற்பிக்கிறார்கள். அவற்றுள் நம் தமிழும் ஒன்று. ஜெர்மனியில் ஹாம்பர்க், அமெரிக்காவில் சிகாகோ, பெர்க்லி, கடல் கடந்தால் அருகிலேயே இருக்கும் மலாயாப் பல்கலைக்கழகம் என, தமிழும் தமிழர் வரலாறும் ஆராயப்பட்ட இடங்கள் பல. ஹார்வர்டில் தமிழுக்கென ஓர் இருக்கை அமைக்க, உலகத் தமிழர்கள் அறுபது இலட்சம் டாலர் திரட்டினார்கள். தமிழக அரசும் அதற்குப் பத்துக் கோடி ரூபாய் கொடுத்தது.

நாம் வீட்டில் இலவசமாகப் பேசும் மொழியைப் பிற நாட்டார் பல ஆண்டு உழைத்துக் கற்கிறார்கள். தமிழை ஆராய விரும்பும் பெண்ணுக்கு அந்த உழைப்பில் பாதி தாய்மடியிலேயே முடிந்துவிடுகிறது. இதை நம் மாணவிகள் முதலில் உணர வேண்டும்.

நமக்கு முன் நடந்தவர்கள்

வழி இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. அவ்வழியில் நடந்தவர்களையும் காட்ட வேண்டும் அல்லவா?

முதலில் நினைக்க வேண்டியவர் தனிநாயகம் அடிகளார். யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913-ல் பிறந்தவர். உரோமையில் கற்றுக் குருப்பட்டம் பெற்றவர். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்திருந்தும், தமிழை ஆழமாகக் கற்றது திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக வந்த பின்னரே. அதன்பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, முப்பது வயது கடந்த மாணவராக அமர்ந்து தமிழ் படித்தார். 1952-ல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். பின்னர் இலண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவரானார். 1964-ல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முதன்மைக் காரணராயிருந்தார். அம்மன்றத்தின் முதல் மாநாடு 1966-ல் கோலாலம்பூரில் கூடியது. 1679-ல் அச்சான அந்தாவ் தெ புரோவென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி உரோமை நூலகத்தில் கிடந்ததை வெளிக்கொணர்ந்து, 1966-ல் மறுபதிப்புச் செய்தவரும் அவரே. 1980-ல் இறைவனடி சேர்ந்தார்.

இரண்டாமவர் ஜப்பானிய நாட்டவர்: பேராசிரியர் நொபொரு கராஷிமா. 1960-களில் இளைஞராகச் சென்னைக்கு வந்து, தமிழ் கற்று, சோழர் கல்வெட்டுகளைப் படிக்கத் தொடங்கினார். மன்னர்களின் பெருமையை மட்டும் எழுதாமல், கல்வெட்டிலுள்ள பெயர்களையும் நிலங்களையும் ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கிட்டு, அக்காலக் குடியானவர் வாழ்வை ஆராய்ந்தார். எ. சுப்பராயலு அவர்களுடனும் மற்றொரு ஜப்பானியருடனும் சேர்ந்து, சோழர் கல்வெட்டுப் பெயர்களுக்கு 1978-ல் ஒரு பெரிய அடைவு வெளியிட்டார். இந்திய அரசு 2013-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. தோக்கியோவிலிருந்து ஒருவர் நம் கோயில் சுவரைப் படிக்க வரக்கூடுமானால், நம் கரையிலிருந்து ஒருத்தி தோக்கியோவின் ஏட்டைப் படிக்கப் போகக்கூடாதா?

போன பெண்மணி உண்டு. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மனோன்மணி சண்முகதாஸ், தம் கணவர் பேராசிரியர் அ. சண்முகதாசுடன் ஜப்பானுக்குச் சென்று, கக்குஷுயின் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சுசுமு ஒனோவுடன் இணைந்து ஆய்வு செய்தார். நம் சங்க அகப்பாடல்களையும் ஜப்பானியரின் பழந்தொகை நூலான 'மன்யோஷு' பாடல்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். தமிழும் ஜப்பானிய மொழியும் உறவுடையவை என்பது ஒனோவின் கருத்து. மொழியியலார் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஆனால் இரு இலக்கியங்களையும் மூலத்திலேயே படித்து ஒப்பிடும் திறமையை ஒரு தமிழ்ப்பெண் பெற்றாரே, அப்பேறு எந்த விவாதத்தாலும் குறையாது.

இன்னொரு பெண்மணி வி. எஸ். ராஜம். அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பழந்தமிழ்ச் செய்யுள் மொழிக்கு அவர் ஆங்கிலத்தில் எழுதிய பேரிலக்கண நூல் 1992-ல் வெளிவந்தது. முத்துக்குளித்துறையில் உழைத்த இயேசு சபைக் குரு ஹென்றிக்கே ஹென்றிக்கஸ், பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசிய மொழியில் எழுதிய தமிழ் இலக்கணத்தை, ஜீன் ஹைன் என்பாருடன் சேர்ந்து ஆங்கிலமாக்கி, ஹார்வர்டு கீழ்த்திசை நூல்வரிசையில் 2013-ல் வெளியிட்டார். இதே ஹென்றிக்கஸ் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான நூல் என்பதை நாம் அறிவோம். கடற்கரை மீனவர் பேசிய தமிழைக் கேட்டு ஓர் அயல்நாட்டுக் குரு எழுதியதை, சுமார் நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப்பின் ஒரு தமிழ்ப்பெண் உலகுக்கு விளக்கியிருக்கிறார்.

நம் ஊருக்கு அருகிலேயே

ஆராய்ச்சி என்றதும் கப்பலும் விமானமும் நினைவுக்கு வருகின்றன. முதல் படி நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது. கீழ்புத்துப்பட்டிலிருந்து தெற்கே போனால், சற்றுத் தூரத்திலேயே காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம். 1985-ல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம் அது. சுப்பிரமணிய பாரதியார் பெயர் தாங்கிய தமிழ்த்துறை அங்கே உள்ளது. பிரெஞ்சு, சம்ஸ்கிருதத் துறைகளும் உண்டு.

புதுச்சேரி நகரத்துக்குள், கடற்கரையை ஒட்டிய பகுதியில், 1955-ல் அமைந்த பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கும், பாரிசைத் தலைமையிடமாகக் கொண்ட தூரகிழக்குப் பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் புதுவைக் கிளையிலும் உள்ள சைவச் சுவடித் தொகுப்பை யுனெஸ்கோ 2005-ல் 'உலக நினைவுப் பதிவேட்டில்' சேர்த்தது. கோயில்களின் நிழற்படங்கள் இலட்சத்துக்கும் மேல் அங்கே சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. ஜெர்மானியப் பெண்மணி ஏவா வில்டன் நற்றிணையின் செம்பதிப்பை 2008-லும் குறுந்தொகையின் செம்பதிப்பை 2010-லும் வெளியிட்டது இப்புதுவைக் கிளையின் வழியாகத்தான். பல நாட்டு மாணவர்கள் இங்கே வந்து நம் பழந்தமிழைக் கற்றுச் செல்கின்றனர். நம் பெண்களோ அவ்வாசலைப் பேருந்திலிருந்து பார்த்ததோடு சரி.

புதுவைக்குத் தெற்கே அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து உரோமையரோடு நம் கரை செய்த வணிகத்தை மெய்ப்பித்தார். 1989 முதல் 1992 வரை அங்கே மீண்டும் அகழாய்வு நடந்தபோது, அதற்குத் தலைமை தாங்கியவர் விமலா பெக்லி என்னும் பெண்மணி. வடக்கே மரக்காணம். சங்க நூலான சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் அதுவே என்பர் அறிஞர். அங்குள்ள பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. இவ்விரண்டுக்கும் நடுவே வாழும் நாம், வரலாறு வேறெங்கோ நடந்ததாக நினைத்துப் பாடப்புத்தகத்தை உருப்போடுகிறோம்!

எந்த மொழியைக் கற்பது?

தமிழை ஆராயலாம் என்பது ஒரு வழி. வேறோர் ஆசிய மொழியைக் கற்று அந்நாட்டுக்குச் செல்வது மற்றொரு வழி. இன்று இளம்பெண்கள் பலரை ஈர்ப்பவை ஜப்பானிய, கொரிய, சீன மொழிகள். இவற்றுள் முதலிரண்டும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஓரளவு எளிதாகப் படியும். ஏன் என்பதை ஒரு வாக்கியத்தால் விளக்குவோம்.

தமிழில்: நான் – பள்ளி – க்கு – போகிறேன்.

ஜப்பானிய மொழியில்: வதாஷி வா – கக்கோ – நி – இகிமாஸ்.

கொரிய மொழியில்: நா நுன் – ஹக்கியோ – எ – கயோ.

மூன்றிலும் வினைச்சொல் கடைசியில் வருகிறது. 'க்கு' என்னும் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது போலவே 'நி'யும் 'எ'யும் ஒட்டுகின்றன. ஆங்கிலத்தில் இவ்வரிசை தலைகீழாகிவிடும். ஆகவே வாக்கியம் அமைக்க நாம் புதிதாக மூளையைத் திருப்பிப் போட வேண்டியதில்லை. இந்த ஒற்றுமை அமைப்பைப் பற்றியதே. இம்மொழிகள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கு இது சான்றாகாது. இதையும் மறவாதீர்கள்.

எழுத்துத்தான் உழைப்பு கேட்கும். ஜப்பானியத்தில் ஹிராகானா 46, கட்டகானா 46 என்ற இரண்டு அடிப்படை எழுத்து வரிசைகள். அவற்றோடு, பொதுப் பயன்பாட்டுக்கென அந்நாட்டு அரசு வரையறுத்த சீன வழி எழுத்துகள் 2,136. நாளைக்கு மூன்று எழுத்து என்று கற்றால்கூட இரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடும். கொரிய எழுத்து மிக எளிது. செஜோங் என்ற அரசர் பொதுமக்கள் படிக்க வேண்டுமென்றே உருவாக்கி, 1446-ல் அறிவித்தது. அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே. சீனத்தில் ஒரே ஓசையை நான்கு தொனிகளில் சொன்னால் நான்கு பொருள். காது கூர்மையாக உள்ளவருக்கு அது கைகூடும்.

தேர்ச்சியை அளக்கப் பொதுத்தேர்வுகள் உள்ளன. ஜப்பானிய மொழித் தேர்வில் ஐந்து நிலைகள்: என் 5 தொடக்கநிலை, என் 1 உயர்நிலை. சென்னையிலும் இத்தேர்வு நடைபெறுகிறது. கொரியத்துக்கு 'டோபிக்', சீனத்துக்கு 'எச்.எஸ்.கே.' என்ற தேர்வுகள். இவற்றில் பெறும் சான்றிதழ் உதவித்தொகை விண்ணப்பத்துக்குப் பெரும் வலிமை சேர்க்கும்.

படிப்படியாக ஏறும் வழி

முதற்படி இந்தியாவிலேயே பட்டப்படிப்பு. தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய, கொரிய, சீன மொழிகளில் பி.ஏ. ஆனர்ஸ் படிப்புகள் உள்ளன. சாந்திநிகேதனில் தாகூர் நிறுவிய விசுவபாரதியில் 1937 முதல் சீன பவனம் இயங்குகிறது. ஐதராபாத்தில் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். இதை அறியாமல் தயங்கும் மாணவிகள் பலர்.

இரண்டாம் படி, வெளிநாட்டு அரசுகளின் உதவித்தொகை. ஜப்பானிய அரசின் 'மெக்ஸ்ட்' உதவித்தொகை பல வகைப்படும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்க்கும் உண்டு. பட்டம் பெற்ற ஆராய்ச்சி மாணவர்க்கும் உண்டு. கல்விக் கட்டணம் இல்லை. மாதப்படியும் விமானச் செலவும் தருவார்கள். இளநிலைப் படிப்புக்குத் தேர்வானோர் முதல் ஓராண்டு மொழி மட்டும் கற்பார்கள். எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. கொரிய அரசின் உலகளாவிய உதவித்தொகையும் இத்தகையதே: ஓராண்டு கொரிய மொழிப் பயிற்சி, பிறகு பட்டப்படிப்பு. பள்ளியில் எண்பது விழுக்காட்டுக்குக் குறையாத மதிப்பெண் வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. தைவானுக்குச் சென்று சீனம் கற்க 'ஹுவாயு' உதவித்தொகை உள்ளது. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலான மாநிலங்களில் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் தங்குவதற்கும் உண்பதற்கும் பணம் காட்ட வேண்டும். அங்கே 'டாட்' என்னும் கல்விப் பரிமாற்ற அமைப்பும் உதவுகிறது. வயது வரம்பும் நாளும் ஆண்டுதோறும் மாறக்கூடும். ஆகவே அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பையே நம்ப வேண்டும்.

மூன்றாம் படி நம் அரசுகளின் உதவி. அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. 2024 முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தோருக்கும் அது விரிந்தது. தமிழ்வழி மாணவிகளின் பெற்றோர் இதைக் கவனிக்க.

வெளிநாட்டில் முதுகலையும் ஆராய்ச்சியும் செய்ய, பட்டியல் இனத்தாருக்கும் மற்றும் சில பிரிவினருக்கும் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை உள்ளது. அதில் ஒரு செய்தியை முன்னமே அறிந்திருப்பது நல்லது. 2022-ல் திருத்திய விதிகளின்படி, இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுக்கு அத்தொகை இல்லை என்று அறிவித்தார்கள். அதாவது, சோழர் கல்வெட்டை ஆராயப் பாரிசு செல்ல விரும்பும் பெண் அத்தொகையை நம்பிக் காத்திருந்தால் ஏமாற்றமே. நம் வரலாற்றை நாமே ஆராய உதவி இல்லை என்பது வருத்தத்துக்குரியது. அதைச் சொல்லாமல் மறைப்பது அதைவிடத் தவறு. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான அயலக உயர்கல்வி உதவித்தொகை தனியே உள்ளது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மட்டுமன்றி, கிறித்தவ மதம் தழுவிய ஆதிதிராவிடருக்கும் அது உரியது. மத்திய அரசின் பட்டியலில் இடம்பெறாத நம் கிறித்தவக் குடும்பங்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

காகிதங்களைக் காத்தல்

திறமை இருந்தும் காகிதக் குறையால் வாய்ப்பிழப்பது உண்டு. பிறப்புச் சான்றிதழ், பள்ளி மதிப்பெண் பட்டியல், ஆதார், பாஸ்போர்ட் ஆகிய நான்கிலும் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தமிழர் வழக்கம் தலைப்பெழுத்து. பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுத வேண்டும். தந்தை பெயர் ஒரு சான்றிதழில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தால் இப்போதே திருத்திக்கொள்க. பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் முன் ஒவ்வொரு பெற்றோரும் பள்ளிக்கு வந்து சரிபார்ப்பது நலம்.

இன்னும் ஒன்று. எந்த அரசு உதவித்தொகைக்கும் இடைத்தரகருக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. "ஐம்பதாயிரம் கொடுங்கள், ஜப்பானில் படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம்" என்று யாராவது வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தால், முதலில் பள்ளிக்கு வந்து கேளுங்கள். படிப்பு விசா வேறு, வேலை விசா வேறு. வேலைக்கு ஆள் அனுப்புவோர் மத்திய அரசில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இந்த விழிப்பு இரட்டிப்பாக வேண்டும்.

முகாமில் வாழும் சகோதரிகளுக்கு

நம் ஊரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உண்டு. அங்கிருந்து வரும் பிள்ளைகள் நம் பிள்ளைகளே. ஆனால் பாஸ்போர்ட் என்ற சொல் வரும்போது ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கு இரண்டு விதமான வழி. இதை மூடி மறைத்துப் பயனில்லை.

இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். அதற்குப்பின் பிறந்தவர்க்குப் பெற்றோரின் குடியுரிமையும் பார்க்கப்படும். ஆகவே இன்று பள்ளியில் படிக்கும் முகாம் மாணவிகள் பலருக்கு, இங்கேயே பிறந்திருந்தும், இந்தியப் பாஸ்போர்ட் கிடைப்பதில்லை. பெற்றோர் இலங்கைக் குடிமக்களாயின், சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிள்ளையின் பிறப்பைப் பதிவு செய்து, அந்நாட்டுக் குடியுரிமையும் பாஸ்போர்ட்டும் பெற வழி உண்டு. ஆனால் அதற்குமுன் நன்கு யோசிக்க வேண்டும். நாட்டை விட்டுச் செல்ல அனுமதி வேண்டும். திரும்பி வர விசா வேண்டும். முகாம் பதிவு என்னவாகும் என்பதையும் கேட்டுத் தெளிய வேண்டும். மறுவாழ்வுத் துறை அலுவலரிடமும் சட்டம் அறிந்தவரிடமும் கேட்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம்.

அதுவரை அவர்கள் கைகட்டி நிற்க வேண்டுமா? வேண்டாம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அவர்கள் சேரலாம். முகாம் மாணவர்க்கான கல்வி உதவித்தொகையைத் தமிழக அரசு 2021-ல் உயர்த்தி அறிவித்தது. புதுவையின் நூலகங்களில் ஆராய்ச்சிக்கு வேண்டிய நூல்கள் உள்ளன. தனிநாயகம் அடிகளாரும் மனோன்மணி அம்மையாரும் பிறந்த மண்ணின் பேச்சு அவர்கள் நாவில் இருக்கிறது. யாழ்ப்பாண, வன்னி வட்டார வழக்கு நாற்பது ஆண்டுகளாக இக்கரையில் வாழ்ந்து எவ்வாறு மாறியுள்ளது என்பதை ஆராய அவர்களைவிடத் தகுந்தவர் யார்?

பெற்றோர்க்கு ஒரு சொல்

"மொழி படித்துச் சோறு கிடைக்குமா?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. கடலில் மீன் குறைந்தாலும், மழை வந்து உப்பளத்தில் வேலை நின்றாலும், அடுப்பு எரிய வேண்டும் என்ற கவலையை அறிந்தவர்கள் நீங்கள். எல்லா மொழி மாணவிக்கும் பேராசிரியர் வேலை கிடைக்கும் என்று நாங்கள் வாக்களிக்க முடியாது. ஆனால் சென்னையைச் சுற்றி ஜப்பானிய, கொரியத் தொழிற்சாலைகள் பல உள்ளன. அம்மொழி தெரிந்தவர்களை அவை தேடுகின்றன. மொழிபெயர்ப்பு, சுற்றுலா, அலுவலகப் பணி என வேறு வாசல்களும் திறக்கும். அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் மதுரையில் அமெரிக்க மாணவர்க்குத் தமிழ் கற்பிக்கிறது. இத்தகைய இடங்களில் தமிழை முறையாகக் கற்றவர்க்கே வேலை.

"தூரதேசத்துக்குப் பெண்ணைத் தனியே அனுப்புவதா? கலியாணம் தள்ளிப்போகுமே" என்பது அடுத்த கவலை. ஒரே நாளில் கடல் கடந்து அனுப்பச் சொல்லவில்லை. முதலில் காலாப்பட்டு, பிறகு சென்னை அல்லது ஐதராபாத்து, அதன்பின்னரே வெளிநாடு. ஒவ்வொரு படியிலும் மகளின் துணிவையும் பொறுப்பையும் நீங்களே கண்டு முடிவு செய்யலாம். மூன்றாண்டு படிப்பு முடிவதற்குள் முடிச்சுப் போட வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அடிக்க நேரம் கொடுத்தால்தானே நகரும்?

இன்றே தொடங்கக்கூடியவை

மாணவிகளே, விண்ணப்பம் நிரப்ப இன்னும் நாள் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு நாள் பார்க்க வேண்டியதில்லை. ஒரு குயர் நோட்டு வாங்கிக் கீழ்க்கண்டவற்றைச் செய்யுங்கள்.

1. உப்பளத்தில் வேலை செய்யும் தாயிடம் அல்லது பாட்டியிடம் உட்கார்ந்து, பாத்தி கட்டுவது முதல் உப்பை வாரிக் குவிப்பது வரை ஒவ்வொரு செயலுக்கும், கருவிக்கும், உப்பின் வகைக்கும் அவர்கள் சொல்லும் சொல்லை அப்படியே எழுதுங்கள். திருத்தி எழுத வேண்டாம். அகராதியில் இல்லாத சொல் கிடைத்தால் அதன் கீழ்க் கோடிடுங்கள்.

2. கடலுக்குப் போகும் தந்தையிடம் காற்றின் பெயர்கள், நீரோட்டத்தின் பெயர்கள், மீன்களின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள்.

3. முகாமில் உள்ள தோழியும் நீங்களும் ஒரே பொருளுக்குச் சொல்லும் இரண்டு சொற்களை இரண்டு வரிசையாக எழுதுங்கள்.

4. கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயிலுக்கு எந்தெந்த ஊரிலிருந்து மக்கள் வருகிறார்கள், என்ன நேர்ந்துகொள்கிறார்கள் என்று மரியாதையோடு கேட்டுக் குறியுங்கள். வேற்றுச் சமயத்தாரின் வழக்கத்தை இகழாமல் பதிவு செய்வது ஆராய்ச்சியாளரின் முதல் ஒழுக்கம்.

5. நாள்தோறும் அரைமணி நேரம் ஒரு புதிய மொழியின் எழுத்தைப் பழகுங்கள். ஆங்கிலத்தையும் விடாதீர்கள், விண்ணப்பங்கள் பெரும்பாலும் அம்மொழியில்தான் எழுத வேண்டும்.

யார் சொன்னார், எந்த ஊர், எந்த நாள் என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் எழுத மறவாதீர்கள். அது இல்லாத குறிப்பு ஆராய்ச்சிக்கு உதவாது. நோட்டு நிறைந்ததும் தமிழாசிரியையிடம் காட்டுங்கள். நல்ல குறிப்புகளை அடுத்த ஆண்டு மலரில் அவரவர் பெயரோடு வெளியிடலாம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முன்னோர் வாக்கு. எத்தனையோ வீடுகளுக்கு உப்பிட்டது மரக்காணத்துக் கரை. அதை வாரிக் கொடுத்த கைகளின் சொற்களை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. அவற்றை எழுதவும், உலகத்தார் மன்றத்தில் எடுத்துச் சொல்லவும் நம் பெண்களுள் ஒருத்தியாவது புறப்பட வேண்டும். அவள் இன்று எட்டாம் வகுப்பில் இருக்கலாம், பத்தில் இருக்கலாம். அவளுக்குத் துணைநிற்பது ஆசிரியர்களாகிய எங்கள் கடன். பெற்றோர்களாகிய உங்கள் கடனும் அதுவே. நல்லாசியும் விடாமுயற்சியும் அவளுக்கு வழித்துணையாகுக!